நான் வழிமொழிந்த பாவம்

அன்பான மச்சான் குகன்,

போன இடத்தில் பந்து இருக்கோ தெரியாது. இருந்தால் நீ இந்நேரம் நடுவரோடு கொளுவியிருப்பாய். நீ போய் எட்டு மாதம். உன்ரை தங்கச்சி சுபா என்னோடு பேசிப் பத்து நாள். இரண்டாவதுக்குக் காரணம் நான்தான். அதைச் சொல்லத்தான் எழுதுறன்.

ஓகஸ்ட் மாதத்து ஞாயிறு ஒன்றில் லண்டன் சட்டனில் நடக்கிற உதைபந்தாட்டம், எங்கடை சட்டன் மட்ச், இனி இல்லை. உங்கடை கல்லூரிப் பழைய மாணவரும் எங்கடை கல்லூரிப் பழைய மாணவரும் லண்டனுக்கு வந்த பிறகும் விடாமல் இருபத்தாறு வருசம் அடிபட்ட மட்ச். தோற்ற பக்கம் அடுத்த வருசம் கூழ் காய்ச்ச வேணும் என்ற அதே மட்ச்.

பெரிய கல்லூரிகள் நாலு சேர்ந்து புது லீக் ஒன்று தொடங்கி, எங்கடை பழைய மாணவர் சங்கத்தையும் கூப்பிட்டினம். நேரடி ஒளிபரப்பாம், பாரிசில் இருந்தும் ஒரு அணியாம். ஒரே நிபந்தனை, சட்டன் மட்ச் நடக்கிற பழைய லீக்கை விட்டிட்டு வரவேணும். உங்கடை கல்லூரியை ஒருத்தரும் கேட்கவில்லை. "பதினொரு பேர், ஒன்பது நல்ல முழங்கால்" என்று நீயே சொல்லிச் சிரிப்பாய். அந்த அணியை ஆர் கூப்பிடப் போகினம்?

பொதுக்கூட்டத்தில் தலைவர் தீர்மானத்தை முன்மொழிந்தார். "ஆர் வழிமொழியிறது?" என்றார். சபை வழமைபோல் என்னைப் பார்த்தது. இருபது வருசமாக எங்கடை சங்கத்தில் தேநீர் இடைவேளையைக்கூட நான்தான் வழிமொழிந்திருக்கிறன். கூட்டம் கெதியாய் முடியவேணும் என்பதைத் தவிர எனக்கு வேறை கொள்கை இல்லை. வாய் நிறைய மட்டன் ரோல்ஸ். பேச ஏலாது. கையைத் தூக்கினன்.

எல்லாரும் கைதட்டின பிறகுதான் பக்கத்திலிருந்த செயலாளரிடம் "என்னத்துக்கு?" என்று கேட்டன்.

"சட்டன் மட்ச்சை விடுறதுக்கு அண்ணை. குகன் அண்ணையின்ரை மச்சானே சரியெண்டால் நாங்கள் என்ன கதைக்கிறது? அதுதான் மற்ற ஆக்களும் பேசாமல் விட்டவை."

என்ரை கைக்கு வாழ்நாளில் முதன்முதலாக ஒரு மதிப்பு வந்த நாள், மச்சான்.

அடுத்த நாளே திருப்பி எடுக்கச் சொல்லிக் கெஞ்சினன். குறிப்பேட்டில் ஏறிவிட்டதாம். இனி அடுத்த வருசக் கூட்டத்தில்தானாம். சட்டன் மட்ச் நடக்கவேண்டிய ஞாயிறு எங்களுக்குப் பாரிஸ்காரரோடு ஆட்டம். அவையோடு எனக்கு என்ன பகை, சொல்லு? அவையில் ஒருத்தன் வீட்டிலும் நான் பெண் எடுக்கவில்லையே. தோற்றால் ஆர் எனக்குப் போன் அடித்து, "சட்டி கழுவியாச்சோ?" என்று கேட்கப் போறான்?

சுபாவிடம் சொன்னபோது அவள் கத்தவில்லை. "அண்ணையை ஒருக்கால் கொண்டுபோய் எரிச்சது காணாதோ உங்களுக்கு?" என்றாள். அதோடு சரி.

போன வருசம் நாங்கள் மூன்றுக்கு ஒன்று தோற்றோம். நீ சக்கர நாற்காலியில் இருந்து, "அடுத்த வருசக் கூழ் உன்ரை. உறைப்புக் குறைஞ்சால் குடிக்கமாட்டன்" என்றாய். அந்தக் கூழை நான் இப்ப ஆருக்கு ஊத்துறது?

நேற்றுச் சுபா கூழுக்குக் கரைக்கிற ஒடியல் மா பைக்கற் ஒன்றை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். பேசவில்லை. வைத்தாள்.

மட்ச்சைத் திருப்பித் தர என்னால் ஏலாது, மச்சான். ஆனால் அந்த ஞாயிறு பாரிஸ் ஆட்டத்துக்குப் போகாமல் சட்டனுக்குச் சட்டியோடு போவன். உங்கடை ஒன்பது முழங்காலையும் வரச்சொல்லியிருக்கிறன். உன்ரை பங்கை முதலில் ஊத்துவன். உறைப்புக் குறையாது. இதை ஒருத்தரும் வழிமொழியத் தேவையில்லை.

உன்னிடம் தோற்றவனும்
உன்ரை தங்கச்சியைக் கட்டினவனுமான மச்சான்,
சிவா