ஒரே தோசை

செவ்வாய், இரவு

சூலூர் பஸ்ஸில் நின்றே வந்ததில் கால் கடுக்கிறது. வந்ததும் நிலாவுக்கு ராகி தோசையும் கீரையும் வைத்தேன். வயசுக்கு மீறின எடை என்று டாக்டர் சொன்னதிலிருந்து மகளுக்கு மட்டும் தனிச் சமையல். நிலாவின் அப்பா டிவி முன்னால் பரோட்டா பொட்டலத்தைப் பிரித்தார்.

நிலா தோசையைத் தொடவில்லை. "நான் மட்டும் என்ன தப்புங்மா பண்ணேன்?" என்றாள்.

அவர் டிவியை அணைத்துவிட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தார்.

"அம்மணி, எனக்கும் அதையே போடு. நீயும் தட்டெடுத்துட்டு வா."

மாவு போதவில்லை. இருந்த தோசையைப் பிய்த்து மூவரும் தின்றோம். கீரையை அவளே மறுபடி கேட்டு வாங்கினாள்.

நாளையிலிருந்து எல்லாருக்கும் ஒரே சமையல். அதற்கு இப்போதே ராகி ஊறப்போடணும். எழுந்திரிக்கத்தான் தெம்பில்லை.