அங்கம்மா வீட்டுக் கதவில் நம் பூட்டு

காத்திவாக்கம்
ஜூன் 10, செவ்வாய்

அன்பு மகள் சௌமியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் நைனாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், மஸ்கட் வெயிலில் நீயும் அப்படியே இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். அங்கம்மாவின் பெயர் பட்டியலில் இல்லை. நேற்று காலை பத்தரை மணிக்குக் கோயில் சுவரில் ஒட்டினார்கள், மூன்று தாள், கடலை ஒட்டிய முதல் வரிசையில் உள்ள நாற்பத்தொரு வீடுகள். நானே விரல் வைத்து மேலிருந்து கீழே இரண்டு தடவை படித்தேன். நாற்பது வீடுகளுக்கு நேரே பெயர் இருக்கிறது. முப்பத்திரண்டாவது வீட்டுக்கு நேரே மட்டும் ‘பூட்டிய வீடு, குடியிருப்பவர் இல்லை’ என்று இருக்கிறது. அதுதான் அவள் வீடு. போனில் சொல்ல இரண்டு முறை பார்த்தேன், நீ “இன்னாம்மா, குரலு ஒரு மாதிரி கீது” என்றதும் வேறு பேச்சுக்குப் போய்விட்டேன். லீவில் வந்திருக்கும் ஜுபைர் வியாழக்கிழமை அங்கே திரும்புகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

கரையில் கல் கொட்டிச் சுவர் எழுப்பப் போகிறார்கள், அதற்காக முதல் வரிசையை எடுக்கிறார்கள் என்று உனக்குத் தெரியும். பட்டியலில் இருப்பவர்களுக்கு உள்நாட்டில் ஏதோ அடுக்குமாடியில் ஒரு வீடு. கடலை விட்டு அவ்வளவு தூரம் போய் மீன்காரி என்ன விற்பாள் என்பது வேறு விஷயம், பட்டியலில் இல்லாதவளுக்கு அதுவும் கிடையாது. நாம் மூன்றாம் வரிசை, இந்த முறை நமக்கு ஒன்றும் இல்லை. அங்கம்மா புருஷனைக் கடலுக்குக் கொடுத்த பிறகு பதினொரு வருஷமாக அந்த ஒற்றை அறையில் தனியாக இருக்கிறாள். போன கார்த்திகை மழையில் சமையல்கட்டுச் சுவரை அலை கொண்டுபோனபோதும் வெளியேறாதவள், குடியிருக்கவில்லை என்று இப்போது தாளில் இருக்கிறது.

இது எப்படி நடந்தது என்று வரிசையாகச் சொல்கிறேன், சொன்னால்தான் எனக்கும் மூச்சு வரும். வெள்ளிக்கிழமை இரவில் தோழிகளோடு கடற்கரைச் சாலையில் போய் உட்கார்ந்து, ஒரு காசு செலவில்லாமல் சிரித்துவிட்டு வருகிறோம் என்று ஏப்ரலில் சொன்னாயே, அதை நான் அங்கம்மாவிடமும் கருவாட்டுக்கார சுகிர்தத்திடமும் சொன்னேன். தடைக்காலம், காசிமேட்டில் ஏலம் எடுக்க மீன் இல்லை, கூடையைக் கவிழ்த்துப் போட்டு மூன்று பேரும் சும்மா உட்கார்ந்திருந்த நாட்கள். நாமும் போனால் என்ன என்று சுகிர்தம்தான் ஆரம்பித்தாள். பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது, கடலுக்கும் கிடையாது, சோறு வீட்டிலிருந்து போகும். “கையில காசு கீதுன்னா அது எப்டியாவது ஓடிப்பூடும், வெறுங்கையோட வாங்கடி” என்று அவளே சட்டமும் போட்டாள்.

மே 22, வியாழன், மூன்று மணிக்குக் கிளம்பினோம். சோறும் கருவாட்டுக் குழம்பும் வறுத்த நெத்திலியும் தூக்கில். கண்டக்டர் நமக்குத் தெரிந்தவர்தான், “இன்னாம்மா, கூடையக் காணோம், சரக்கு எங்க” என்று கேட்டார். “இன்னிக்கி நாங்கதான் சரக்கு, பாத்து எறக்கு” என்றாள் அங்கம்மா, பஸ்ஸே சிரித்தது. பாரிமுனையில் மாறி மெரினாவில் இறங்கினோம். “நம்ம வூட்டுப் பின்னாடி கீற தண்ணியத்தான் ரெண்டு பஸ்ஸு மாறி வந்து பாக்கறோம், நம்மள மாதிரி லூசுங்க உண்டாடி” என்று சுகிர்தம் சொல்லிவிட்டு முதல் ஆளாகக் காலை நனைத்தாள். பிறகு நாலு பஜ்ஜிக் கடையில் விலை கேட்டு, நாலிலும் அதிகம் என்று சண்டை பிடித்துவிட்டு வந்தாள். மீன் வறுக்கிற கடையில் அங்கம்மா ஒரு வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்த்து, ஐஸில் மூன்று நாள் படுத்த மீன் என்று வாங்க நின்றவர்கள் காதில் விழச் சொன்னாள். கடைக்காரன் “வாங்கறதுன்னா வாங்கு, இல்லன்னா நடையக் கட்டு ஆயா” என்றான். “நான் விக்கறவடா, எனக்கே வியாபாரம் கத்துக் குடுக்கறியா” என்று இவள் இடுப்பில் கை வைத்தாள். மணலில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டோம். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்துப் பல வருஷம் ஆகிறது சௌமியா. ஒன்பதே காலுக்கு வீடு வந்து சேர்ந்தோம்.

நம் குப்பத்தில் யாரும் கதவைப் பூட்டுவதில்லை என்று உனக்குத் தெரியாதா. வெளியே போனால் தாழ்ப்பாளில் ஒரு துண்டு வலைக்கயிறு கட்டிவிட்டுப் போவோம். கயிறு இருந்தால் ஆள் பொழுதுக்குள் வந்துவிடுவாள் என்று அக்கம்பக்கம் பதில் சொல்லும். பூட்டு தொங்கினால் ஆள் ஊரை விட்டு உறவுக்காரர் வீட்டோடு போய்விட்டாள் என்று கணக்கு. அன்று அங்கம்மா கயிறுதான் கட்டினாள். இரவு வர நேரமாகும், புது கேஸ் சிலிண்டர் உள்ளே இருக்கிறது, பூட்டிக்கொள் என்று சொன்னது நான். அவளிடம் பூட்டு இல்லை. நம் வீட்டுப் பச்சைப் பெயின்ட் பூட்டை எடுத்து வந்து கொடுத்ததும் நான்தான்.

முதல் வரிசையில் எந்த வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்று கணக்கெடுப்பவர்கள் வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது. ஒரு நாள் முன்னதாக, வியாழன் சாயங்காலமே வந்துவிட்டார்கள். கோயில் மைக்கில் சொன்னார்களாம், நாங்கள் அப்போது மணலில் இருந்தோம். உன் நைனா காசிமேட்டில் படகுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு குணசேகரனைக் கேட்டிருக்கிறார்கள். அவர் பூட்டைப் பார்த்துவிட்டு, “பூட்டு போட்டுகிது, பொன்னேரில பொண்ணு வூட்டோட போயிட்டா போல” என்று சொல்லியிருக்கிறார். பொய் சொல்லவில்லை, பார்த்ததைச் சொன்னார். இரவே வந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

மறுநாள் காலையே அங்கம்மாவை அழைத்துக்கொண்டு கணக்கெடுத்தவர்களின் ஆபீசுக்குப் போனேன். ரேஷன் அட்டை, வாக்காளர் அட்டை, கரன்ட் பில், எல்லாவற்றையும் காட்டினேன். அங்கிருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினார், அட்டையில் முகவரி இருப்பது வேறு, நேரில் பார்த்தபோது ஆள் இருப்பது வேறு என்றார். போனில் போட்டோவைத் திருப்பிக் காட்டினார். கீழே நேரம் 5.52 என்று இருந்தது. கதவில் நம் பச்சைப் பூட்டு. பட்டியல் ஒட்டும்போது பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார், நேற்று ஒட்டிவிட்டார்கள்.

அங்கம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானாகப் போய் உட்கார்ந்து அழுதபோது, “நீ பூட்டு குடுத்த, சாவிய திருப்பினது நான்தான, வுடு” என்றாள். அதற்குப் பிறகு எங்களோடு சாயங்காலம் உட்கார வருவதில்லை. கயிறும் கட்டுவதில்லை, கதவைத் திறந்து போட்டு வாசலிலேயே இருக்கிறாள், தண்ணீர் பிடிக்கக்கூடப் போக மாட்டேன் என்கிறாள், நான்தான் இரண்டு குடம் கொண்டுபோய் வைக்கிறேன். யாராவது திரும்பப் பார்க்க வந்தால் என்ன செய்வது என்று கேட்கிறாள். யாரும் வரப்போவதில்லை என்று எனக்குத் தெரியும், அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. மூன்றாம் வரிசையில் நம்மோடு வந்து இரு என்று உன் நைனா கூப்பிட்டார், நமக்கே ஒன்றரை அறை, எத்தனை நாள் என்று அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

நீ சொன்னதைக் கேட்டுப் போனதால்தான் இப்படி ஆனது என்று ஒரு நாளும் நினைக்காதே, அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். வெள்ளிக்கிழமை வெளியே போவதை நிறுத்தாதே. கூட வருகிறவர்களில் யாருக்காவது அந்த நேரம் வேறு வேலை இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள். உன் வேலை அனுமதி அட்டையைப் பையில் வைக்காதே, உடம்போடு வை. இரட்டை ஷிப்ட் ஒத்துக்கொள்ளாதே. எல்லையம்மன் உன்னை நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும்.

மனு எழுதிவிட்டேன், ஊர் தலைவரும் இருபத்தாறு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், குணசேகரனும் போட்டிருக்கிறார். வரும் திங்கட்கிழமை, 16ஆம் தேதி, குறைதீர்க்கும் நாளில் கொடுக்கிறோம். மனு வாங்கினால் முப்பது நாளுக்குள் பதில் வரும் என்று அந்தப் பெண் சொன்னார், அப்படியென்றால் ஜூலை 16. முதல் வரிசையை இடிக்க ஆரம்பிப்பது ஜூலை 1.

உன் அம்மா,
பவானி