அடைப்புக்குறிக்கு வெளியே இருந்த இரண்டு

இன்று காலை வயிறு எரிகிறதென்று காஸ்ட்ரிக் மருந்து போத்தலைத் திறந்தேன். பெப்பர்மின்ட்டும் சுண்ணாம்பும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் வெட்கம் பிடுங்கித் தின்றது. நீ இல்லாத இந்த வீட்டில் ஒன்று நடந்துவிட்டது. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

போத்தலில் இருப்பது மெக்னீசியம் ஹைட்ராக்சைடு. அது எனக்குத் தெரிந்ததே உன்னால்தான். ஸ்கூடாய் வீட்டின் இந்த ஹாலில்தான் நீ கெமிஸ்ட்ரி டியூஷன் எடுப்பாய். நான் சிங்கப்பூரில் வேலை முடித்து, எல்லைப் பாலத்து நெரிசலில் வெந்து, ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே நுழைவேன். நுழைந்தவன் பேசாமல் குளிக்கப் போவேனா? வாசலில் நின்றபடியே பலகையில் இருக்கும் கணக்குக்கு விடை சொல்வேன். பள்ளி இறுதியில் எழுதும் எஸ்.பி.எம் பரீட்சையில் கெமிஸ்ட்ரிக்கு ஏ வாங்கியவன் அல்லவா! பாதி நாள் தப்பாகத்தான் இருக்கும். "ஏங்க, அந்த ஏ-வை யாருகிட்ட வாங்குனீங்க?" என்று பிள்ளைகள் முன்னாலேயே கேட்பாய். அவர்களைவிட நான்தான் பலமாகச் சிரிப்பேன்.

மோலார் நிறை பாடம் வந்தால் அடைப்புக்குறியில்தான் பாதிப் பேர் விழுவார்கள். அதற்குத் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தை வைத்து நீ சொல்லும் வழி இப்போதும் காதில் கேட்கிறது. "ரெண்டு பொட்டலம் நாசி லெமாக் வாங்குனா முட்டையும் ரெண்டு, சம்பாலும் ரெண்டு. கடைசியா வச்சது மட்டும் ரெண்டு இல்லலா." வெளியே நிற்கும் எண் உள்ளே இருக்கும் எல்லா அணுவுக்கும் சேரும். அவ்வளவுதான் விஷயம்.

நீ கண்ணை மூடிய பிறகு, யாழினிக்கு டியூஷன் வைக்கலாமே என்று உன் அண்ணன் சொன்னார். என் மகளுக்கு நான் சொல்லித்தர மாட்டேனா என்று வீறாப்பாகப் பேசி அனுப்பினேன். அவளுக்குப் பதினாறு வயது, இப்போது நான்காம் படிவம். போன வாரம் இந்த மருந்தின் மோலார் நிறையைத்தான் வீட்டுப்பாடமாகச் செய்துகொண்டிருந்தாள். Mg(OH)₂. ஐம்பத்தெட்டு என்று எழுதியிருந்தாள். நான் எட்டிப் பார்த்தேன். மெக்னீசியம் இருபத்து நான்கு, ஆக்சிஜன் பதினாறு, ஹைட்ரஜன் இரண்டு, ஆக மொத்தம் நாற்பத்திரண்டு என்றேன். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். எனக்கே பாடமா என்று குரலை உயர்த்தினேன். "ஆமாப்பா, நாப்பத்திரெண்டுதான்" என்று சொல்லி ஐம்பத்தெட்டை அழித்தாள். நல்ல அப்பாவாக ஒரு வேலை செய்துவிட்ட நிறைவோடு நான் சாப்பிட உட்கார்ந்தேன்.

நேற்று சாயங்காலம் அவள் வகுப்புத் தோழியோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். பள்ளியில் அந்தக் கணக்குக்கு அவளை எழுப்பி நிறுத்தியிருக்கிறார்கள். டீச்சர் மகளாயிற்றே, அம்மா இதைக்கூடவா சொல்லித்தரவில்லை என்று, நீ இல்லாதது தெரியாத புது ஆசிரியை கேட்டிருக்கிறார். அப்பாதான் சொன்னார் என்று இவள் காட்டிக்கொடுக்கவில்லையாம். தோழிக்குச் சரியான வழியை விளக்கினாள். ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து பதினேழு, அதுபோல் இரண்டு முப்பத்து நான்கு, மெக்னீசியத்தோடு ஐம்பத்தெட்டு. உன் நாசி லெமாக்கும் வந்தது. நான் அடுப்படியில் கையில் கரண்டியோடு நின்றேன். என் தப்பு உன் பெயரில் போய் விழுந்திருக்கிறது. அதை அவள் தாங்கிக்கொண்டு நின்றிருக்கிறாள்.

போனை வைத்ததும், தெரிந்தும் ஏன் மாற்றி எழுதினாய் என்று கேட்டேன்.

"அம்மா திருத்துனா நீங்க சிரிப்பீங்கப்பா. நான் திருத்துனா எழுந்து வெளிய போயிடுறீங்க."

உண்மைதான். பள்ளிச் சீருடையை என் நீலச் சட்டையோடு போட்டுத் துவைத்துச் சாயம் ஏற்றிய அன்று, தனியாகப் போடணும்பா என்று மெதுவாகத்தான் சொன்னாள். நான் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கெலாங் பாத்தா வரை போய், ஒரு கடையில் தே தாரிக் டீயை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்தபோது அவள் தனியாகச் சாப்பிட்டு முடித்திருந்தாள். துக்கம் தாங்காமல் போகிறேன் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அவளுக்கு அது கோபமாகத் தெரிந்திருக்கிறது. தெரிந்ததென்ன, கோபமேதான். நீ சொல்ல வேண்டியதை அவள் சொல்கிறாளே என்ற கோபம்.

வேறொரு கணக்குக் கொடு, நான் செய்கிறேன் என்று அவள் எதிரில் உட்கார்ந்தேன். அம்மோனியம் சல்பேட் கொடுத்தாள், செம்பனைத் தோட்டத்தில் போடும் உரம். (NH₄)₂SO₄. நைட்ரஜன் பதினான்கு, ஹைட்ரஜன் எட்டு, சல்ஃபர் முப்பத்திரண்டு, ஆக்சிஜன் அறுபத்து நான்கு. நூற்றுப் பதினெட்டு என்று எழுதி நீட்டினேன். வேண்டுமென்று செய்யவில்லை, சத்தியமாக. என் கை அப்படித்தான் போனது.

அவள் முதலில் கதவோரம் தொங்கிய மோட்டார் சாவியைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். பிறகுதான் சொன்னாள்.

"தப்புப்பா."

நான் எழுந்திருக்கவில்லை. சிரிக்கவும் வரவில்லை. எங்கே என்று காட்டச் சொன்னேன். நைட்ரஜனும் இரண்டு, நூற்று முப்பத்திரண்டு என்று திருத்தினாள்.

அவள் சாவியைப் பார்த்த அந்தப் பார்வை இன்னும் எனக்குள் இருக்கிறது. நீ இருந்தவரை, இந்த வீட்டில் உண்மையைச் சொல்வதற்கு முன்னால் யாரும் கதவைப் பார்த்ததில்லை.