என் முன்னறையின் பூட்டைத் திறக்கக் கோருதல்

அனுப்புநர்:
காகித ஆலையில் கொதிகலன் இயக்கியவரின் மனைவி (கணவர் காலமாகிவிட்டார்),
ஆற்றை ஒட்டிய கடைசி வீடு.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: என் வீட்டு முன்னறைக்கு இடப்பட்ட முத்திரையை அகற்றுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எனக்கு நினைவு தடுமாறுகிறது என்றும், ஆலைத் தொழிலாளர் சங்கமும் ஆற்றுப் பாதுகாப்புக் குழுவும் என்னை ஏமாற்றி முன்னறையைப் பிடித்துக்கொண்டன என்றும் தங்கள் ஆய்வாளர் எழுதியுள்ளதாக அறிகிறேன். இரண்டும் பிழை. அழைத்தவள் நான். நாற்காலிகளும் என்னுடையவை. கன்னியர் பள்ளியில் பழகிய கையெழுத்தில் இம்மனுவையும் நானே எழுதுகிறேன்.

2. சங்கச் செயலாளர் என் மகன். குழுத் தலைவி என் மகள். ஆற்றைக் கெடுக்கும் ஆலையை மூட வேண்டும் என்று அவள் ஒருமுறை மேடையில் கோபத்தில் பேசியதிலிருந்து, என் வீட்டுக்கு ஒருவர் வந்திருந்தால் மற்றவர் தெருமுனையிலேயே திரும்பிவிடுவார்.

3. அதனால்தான் இரு தரப்பையும் என் முன்னறைக்கு அழைத்தேன். அங்கே ஒரே விதி. பேச எழுபவர் எதிர்த்தரப்பின் கோரிக்கையை, அவர்கள் சரியென்று தலையாட்டும்படி முதலில் சொல்ல வேண்டும். பிறகே தன் வாதம். என் மகன் பலமுறை தோற்றான். பிறகு ஒருநாள், "அக்கா ஆலையை மூடச் சொல்லல. கழிவுத் தண்ணியச் சுத்தம் பண்ணி விடுன்னுதான் கேக்குது. அந்த வேலைக்கும் நம்ம ஆளுங்களையே எடுக்கணுமாம்" என்றான். "இதுக்காடா இவ்வளவு நாள் என்னைத் தொண்டை கிழியக் கத்த வச்ச?" என்றாள் அவள். எல்லோரும் சிரித்தார்கள். நான் அடுக்களைக்குச் சென்றேன். காரணம் இம்மனுவுக்குத் தேவையில்லை.

4. அதன்பின், வரும் நகராட்சித் தேர்தலில் இந்த வார்டுக்குப் பொது வேட்பாளராக, ஆலையில் காகிதம் தரம் பிரிக்கும் பெண்ணை இரு தரப்பும் ஏற்றன. வாக்குறுதிகளைப் பாதி எழுதியிருந்தபோதுதான், அனுமதியற்ற கட்சி அலுவலகம் என்று ஆய்வாளர் பூட்டி முத்திரை வைத்தார். நான் எந்தக் கொடியையும் வாசற்படி தாண்ட விட்டதில்லை.

5. இப்போது அவர்கள் தனித்தனியே கூடுகிறார்கள். பழைய சந்தேகங்கள் திரும்பிவிட்டன. நேற்று என் மகன், அக்கா என்று சொல்லாமல் மறுபடியும் 'குழுத் தலைவி' என்றான். இன்னும் ஒரு வாரம் இப்படிப் போனால் பொது வேட்பாளர் இருக்கமாட்டார்.

6. ஆகவே, வேட்புமனு தாக்கலுக்கு முன் முத்திரையை அகற்றித் தர வேண்டுகிறேன். என் வயதுக்காக இரங்க வேண்டாம். வீட்டுக்கு உரியவள் என்ற முறையில் கேட்கிறேன். அகற்ற இயலாதெனில் எந்த விதியின்படி என்று குறிப்பிட்டு, எழுத்து மூலம் பதில் தருக.

இடம்: மேற்கண்ட முகவரி
நாள்: செவ்வாய்க்கிழமை

இப்படிக்கு,
(கையொப்பம்)
வீட்டு உரிமையாளர்