அம்மாவின் கல்லும் என் சந்தேகமும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம், உன் வீட்டிலும் எல்லோரும் அப்படியே இருக்க வேண்டும். அடுத்த வரியைப் படித்ததும் போனை எடுக்காதே, கடைசி வரை படி. அம்மாவுக்குப் பித்தப்பையில் கல் இருந்து, ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். முன்பே சொன்னால் நீ லீவு போட்டுக்கொண்டு ஓடி வருவாய் என்று அவள்தான் என் வாயைக் கட்டிப்போட்டாள்.

எழுபது தாண்டியவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கிற மருத்துவக் காப்பீட்டு அட்டையை வாங்கச் சொல்லிப் படித்துப் படித்துச் சொன்னாயே, இருவருக்கும் வாங்கினேன். கைரேகை வைத்ததும் கொடுத்துவிட்டார்கள், அப்போதே எனக்கு உறுத்தியது. ரயிலில் டிக்கெட் பரிசோதகனாகக் காலம் தள்ளியவன் நான், கேட்காமலே டிக்கெட்டை நீட்டுகிறவனைத்தான் இன்னொரு தடவை பார்ப்பேன். பிறகு அம்மாவுக்கு விலாவுக்குக் கீழே வலி வந்து பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஸ்கேன் பார்த்த டாக்டர் கல் என்றார், ஆபரேஷன் என்றார். காப்பீட்டு மேஜையில் இருந்த தம்பிக்கு அட்டையைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தது. "ஒண்ணும் கவலைப்படாதீங்க ஐயா, எல்லாம் அட்டையிலயே முடிஞ்சிடும், இன்னிக்கே சேத்துடுங்க" என்றான். கல்லுக்காக அட்டையா, அட்டைக்காகக் கல்லா என்று எனக்குள் குடைந்தது. ஊசி மட்டும் போடச் சொல்லி அவளைத் திருப்பிக் கூட்டி வந்துவிட்டேன்.

அரசு ஆஸ்பத்திரியில் வேறொரு டாக்டரம்மாவிடம் காட்டினேன். அவரும் கல்தான், தள்ளிப்போட்டால் பித்தப்பையில் சீழ் பிடிக்கும், எங்கே செய்தாலும் இதே அட்டைதான் என்றார். இரண்டு பேரும் ஒரே காலேஜில் படித்திருப்பார்களோ என்று வாசலில் வந்து சொன்னேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்க்காமல் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள், அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும்.

மறுநாள் காப்பீட்டு அலுவலகத்துக்கே போனேன். கவுண்டரில் இருந்த பெண்மணி பொறுமைசாலி. என்ன உண்டு என்று நான் கேட்கவில்லை, என்ன கிடையாது என்று கேட்டேன். ஆஸ்பத்திரியில் சேர்ந்து படுத்தால்தான் செல்லும், சும்மா டாக்டரைப் பார்த்துவிட்டு வருவதற்கும் தினமும் விழுங்குகிற பிரஷர் மாத்திரைக்கும் செல்லாது, ஆனால் வீட்டுக்கு அனுப்பிய பிறகு கொஞ்ச நாளைக்கான மருந்து அதிலேயே சேர்ந்தது, வெளியே வாங்கச் சொன்னால் வாங்காதீர்கள் என்றார். எல்லாவற்றையும் மனதில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் கதவில் பூட்டு. நான் படியிறங்கியதும் வலி மறுபடி வந்திருக்கிறது, எதிர்வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. எனக்குச் சொன்னால் இன்னொரு டாக்டரைத் தேடுவேன் என்று பயந்து, பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவைக் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரிக்கே போய், தானே ரேகை வைத்துச் சேர்ந்துவிட்டாள் உன் அம்மா.

அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினேன். நர்ஸ் நீட்டிய சம்மதத் தாளை முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். கட்டிலில் பச்சை அங்கியோடு படுத்திருந்தவள், "என் வயித்துல இருக்கிற கல்ல இவங்க எடுத்துடுவாங்க. உங்க மனசுல இருக்கிறத எடுக்க எந்த அட்டையிலயும் எடமில்ல. கையெழுத்தப் போடுங்க" என்றாள். நர்ஸ் சுவரைப் பார்த்துச் சிரித்தாள். மிச்சத்தைப் படிக்காமலே போட்டேன். அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். ஊரையெல்லாம் சந்தேகப்பட்டுக் கடைசியில் இவளைக் கோட்டை விட்டுவிடுவேனோ என்று பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன், தையல்காரம்மா பார்க்காத மாதிரி இருந்தார். டாக்டர் வெளியே வந்து, பை நன்றாக வீங்கியிருந்தது, நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றார்.

கிளம்புகிற அன்று மட்டும் மருந்துக் கடையில் வீட்டு மாத்திரைக்குப் பணம் கேட்டார்கள். "அது மட்டும் நீங்கதான் ஐயா கட்டணும்" என்றான் அதே காப்பீட்டு மேஜைத் தம்பி. காப்பீட்டு அலுவலகப் பெண்மணி சொன்னதை ஒப்பித்து, செல்லாது என்று எழுதிக் கொடு தம்பி என்றேன். யாருக்கோ போன் செய்தான், பை நிறைய மாத்திரை வந்தது. சக்கர நாற்காலியில் இருந்த அம்மா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "எண்ணிப் பாத்தீங்களா" என்றாள்.

உன் வேலையில் கொடுத்திருக்கிற காப்பீட்டிலும் எது கிடையாது என்று கேட்டு வை, மறக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு. நோய்நொடி அண்டாமல் நீயும் பிள்ளைகளும் நீடூழி வாழ வேண்டும். நான் எழுதியதை நீ முழுசாக நம்ப மாட்டாய், என் மகளாயிற்றே. பேனாவை அவளிடமே கொடுக்கிறேன்.

உன் அப்பா

பாப்பா, நான் நல்லாத்தான் இருக்கேன். இத எழுதும்போதும் உங்கப்பா தோளுக்கு மேல எட்டிப் பாத்துட்டு நிக்கிறார். அவர் அழுததை மட்டும் நான் நம்பல, அது நிஜமான்னு தையல்காரம்மாகிட்ட கேட்டுட்டேன். நிஜந்தானாம்.

அம்மா