ராத்தாவின் ரத்தம் எங்கிருந்து வந்தது

ஜூன் 8, திங்கள்
நெருப்பு வெயில். பாடசாலையில் உயிரியல் படிப்பித்துவிட்டு நேரே மருதமுனை, கூடப்பிறந்த மூத்தவ ராத்தாவின் வீடு. தொழுகைப் பாய் அலுமாரிக்கு மேல், சுருட்டியபடி. லுஹர் தொழுகை நேரம் போகிறது, எழும்பவில்லை. சுனாமி மகளைக் கொண்டுபோன நாளிலும் தொழுதவ. அதற்குப் பிறகு கடல் பக்கம் முகம் கொடுக்காதவ.

"நான் சுத்தமில்ல புள்ள. ரெத்தம் படுகுது."

புற்றுநோயென்று கர்ப்பப்பையை எடுத்து, கதிர் வைத்தியமும் செய்தாயிற்றே! சிரிப்பு வந்தது. உடனே பயம்.

ஜூன் 9
சட்டியில் ஒன்றுக்குப் போகச் சொன்னேன். சலத்தில் மட்டும் சிவப்பு, துணியில் இல்லை. சிறுநீரகத்திலிருந்து சலம் இறங்கும் குழாய் கதிரில் சுருங்கியதால் உள்ளே பிளாஸ்ரிக் குழாய் வைத்திருக்கிறது, அங்கேதான் ஏதோ. ஆஸ்பத்திரியில் காட்ட, டொக்டர் முகம் மாறியது. "குழாயைத் தொட மாட்டன். கொழும்புக்குப் போங்க."
சண்டை முடிந்தும் வழியெல்லாம் செக்பொயின்ற்.

ஜூன் 11, கொழும்பு
நல்லவேளை, இங்கேயும் தமிழ் பேசும் டொக்டர். படம் கீறினார். காலுக்குப் போகும் பெரிய இரத்த நாடிக்கு மேலால் சலக்குழாய் தாண்டுகிறதாம். கதிர் பட்டு மெலிந்த இடம். உள்ளிருந்த குழாய் அராவி, நாடிக்கும் சலக்குழாய்க்கும் நடுவில் ஓட்டை. பிள்ளைகளுக்கு எத்தனை தரம் இந்தப் படம் கீறியிருப்பேன், அந்தச் சந்தி கண்ணில் படவேயில்லை.

அந்த ஓட்டை பெரிதாக உடைந்தால் தப்புவது கஷ்டமாம்.

வயிறு வெட்டுவதில்லை. தொடையிடுக்கில் சின்னத் துளை, அதற்குள்ளால் நாடிக்குள் துணி போர்த்திய கம்பிக் குழாய்.
தறி நெய்யும் ராத்தா: "துணியா? என்ன நூலாம்? சாயம் போகுமா?"

ஜூன் 12, வெள்ளி
ராத்தா உள்ளே. மச்சானுக்கு, அவவின் புருஷனுக்கு, ஒரே சந்தேகம். "காலுல ஓட்ட போட்டா வயிறு எப்புடி சுகமாகும்?"
"வாய்க்கால்ல நண்டு வளை போட்டா பக்கத்து வயலுக்குத் தண்ணி போகுதுதானே மச்சான்? வாய்க்காலுக்குள்ள குழாயைப் படுக்க வச்சா?"
"ஓம், வளை அடைபட்டிரும்." வயல்காரர், டக்கென்று பிடித்துக்கொண்டார்.
வெளியே வந்த டொக்டர் தலையை ஆட்டினார். அல்ஹம்துலில்லாஹ்.

ஜூன் 13
சலம் தெளிவு. வெட்கமில்லாமல், கட்டிலில் தொங்கிய சலம் வடியும் பையைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"அப்ப அது அந்த ரெத்தமில்லையா?"
"இல்ல ராத்தா. காயத்து ரெத்தம்."
"யா அல்லாஹ், விட்ட தொழுகையெல்லாம் கழாவா, திருப்பித் தொழணுமே!" அழுதா. பிறகு, "படுத்துக்கிட்டே தொழுறன். கிப்லா எந்தப் பக்கம்?"

மக்கா மேற்கே; ஊரில் தொழும்போது கடல் முதுகுக்குப் பின்னால். இங்கே மேற்கு ஜன்னலைத் திறந்தால் கடல்.
"கடலைப் பாத்துத்தான் ராத்தா."
நான் ஜன்னலைச் சாத்தப் போனேன்.
"சாத்தாத புள்ள. கட்டிலத் திருப்பு."