இடது கால்

திங்கள்

அன்புள்ள இஸ்திரிக்காரிக்கு,

ஆஸ்பத்திரியில் இந்தத் தனி அறைக்குள் வந்த காகிதம் திரும்ப வெளியே போகக் கூடாதாம். அதனால் எழுதிக் கதவுக் கண்ணாடியில் ஒட்டச் சொல்லியிருக்கிறேன். வெளியே நின்று படித்துக்கொள். போனில் பேசினால் நீ அழுகிறாய், நான் கத்துகிறேன். அதற்கு இது தேவலை. கையில் இஸ்திரிப்பெட்டி சுட்ட புண்ணோடு உள்ளே வருவேன் என்று நர்ஸிடம் மல்லுக்கு நிற்காதே.

ஒடிந்த கால் எலும்புக்கு வைத்த தகட்டில் கிருமி குடியேறிவிட்டது. எந்த மருந்துக்கும் அது அசையவில்லையாம். பொது வார்டில் இருந்தபோது பக்கத்துக் கட்டில்காரருக்கும் இதே கிருமிதான். அவர் கட்டு அவிழும்போதெல்லாம் நான்தான் சுற்றிவிட்டேன். அந்தக் கையாலேயே என் கட்டையும் சொறிந்துகொண்டேன். “உங்கள யாரு டாக்டர் வேல பாக்கச் சொன்னது?” என்று நர்ஸ் திட்டினாள். மனுஷன் துடிக்கும்போது மணியை அடித்துவிட்டுப் படுத்திருக்க எனக்கு வரவில்லை.

காலை எடுக்க வேண்டும் என்கிறார்கள். முடியாது என்று சொல்லிவிட்டேன்.

உன் வண்டிக்காரன்

செவ்வாய்

வண்டிக்காரருக்கு,

வீட்டில் ஒரு துணி மடிக்க வணங்காத கை, யாரோ ஒருவர் கட்டைச் சுற்றப் போயிற்றாக்கும். எனக்கு வருகிற கோபத்துக்கு அளவே இல்லை.

டாக்டரைப் பார்த்தேன். “கிருமி ரத்தத்துல பரவிட்டா எங்க கையில ஒண்ணும் இல்லம்மா. சேதம் காலோட நிக்கணும்னா இப்பவே எடுத்தாகணும்” என்றார். கால் போனால் பஸ் ஓட்டுகிற வேலை போகும். போகட்டுமே. கடையில் இரண்டாவது மேசை சும்மாதான் கிடக்கிறது. உட்கார்ந்து பொத்தான் தையுங்கள்.

மகள் உங்களிடம் பேசப் பயப்படுகிறாள். எனக்கும் பயம்தான். தயவுசெய்து கையெழுத்துப் போடுங்கள்.

இஸ்திரிக்காரி

புதன்

அன்புள்ள இஸ்திரிக்காரிக்கு,

காய்ச்சலில் எழுத்து ஆடுகிறது, பொறுத்துக்கொள்.

பள்ளிக்கூட பஸ்ஸைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியாது. இடது கால் இல்லாதவனிடம் யார் பிள்ளைகளை நம்பி ஏற்றுவார்கள்? நீ என்னை உட்காரவைத்துச் சோறு போடுவாய், தெரியும். ஒரு நாள் உனக்கே சலித்துப்போகும். அதைப் பார்க்கத் தெம்பில்லை.

நினைவு தப்பினால் உன்னிடம்தான் காகிதத்தை நீட்டுவார்கள். போடாதே. போட்டால் நமக்குள் பேச்சே இல்லை. இதை விளையாட்டாக எழுதவில்லை.

வண்டிக்காரன்

வெள்ளி

என்னங்க,

நேற்று மதியம் உங்களுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று கையை ஆட்டினேன். “படியில நிக்காத, உள்ள போ” என்று அதட்டினீர்களாம். நர்ஸ் சொன்னாள்.

டாக்டர் காகிதத்தை நீட்டினார். உங்கள் கடிதம் அப்போதும் கதவில்தான் ஒட்டியிருந்தது. இன்னொரு தடவை முழுசாகப் படித்தேன். படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். காய்ச்சல் இறங்குகிறது.

உங்கள் சொல்லை மீறியது உண்மைதான். மறுபடி நீட்டினாலும் போடுவேன். நீங்கள் பேசாத வீட்டில் என்னால் காலம் தள்ள முடியும். நீங்களே இல்லாத வீட்டில் முடியாது.

இப்போது நர்ஸ் வந்தாள். கண் திறந்து, போர்வைக்கு மேலே காலைத் தடவித் தேடுகிறீர்களாம். “எங்களால சொல்ல முடியலக்கா” என்கிறாள். இந்தக் கடிதத்தை அவள் உங்கள் முகத்துக்கு நேரே பிடிப்பாள். நான் கதவுக்கு வெளியேதான் நிற்கிறேன். படித்துவிட்டு நீங்கள் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாலும் போக மாட்டேன்.

உங்கள் மனைவி